சிலிக்கோனே சரணம்

காலை ஐந்து பத்து. டொக்.

கூரை ஒழுகும் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் சத்தத்தைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள், திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை விழுந்தது மாடிப்படித் திருப்பத்தில். போன மாதம் வரை படுக்கையறை மூலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் 850 சிங்கப்பூர் வெள்ளி செலவு செய்தேன். அந்தப் பணத்தில் ஒழுகலுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது இன்று விடியற்காலையில்தான் தெரிந்தது.

வெளியே சுமத்ரா காற்றுமழை. ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளி. மலாக்கா நீரிணையைத் தாண்டி, பெரும்பாலும் ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து வரும். மணிக்கு 40, 50 கிலோமீட்டர், சில நாள் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடும். சாதாரண மழை ஓட்டின் மேல் விழும், கீழே ஓடும், நல்ல பிள்ளை. இது படுக்கைவசத்தில் வந்து ஓட்டுக்கு அடியில் புகுந்து மேல்நோக்கி ஏறும். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்று சொன்ன மகான் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

வாளி வைத்தேன். வீடியோ எடுத்தேன். கான்ட்ராக்டருக்கு அனுப்பினேன். 7.40க்குப் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். மேலே தூக்கிய மஞ்சள் கட்டைவிரல்.

என் கூரை ஒழுகுகிறது. அவர் சபாஷ் என்கிறார்.

எங்களுடையது சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் பழைய டெரஸ் வீடு. தரைவீடு என்றதும் பணக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், மாமனார் காலத்தில் வாங்கியது. வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், எல்லாவற்றுக்கும் ஒரே களிமண் ஓடு, ஒரே உயரம். எங்கள் கூரை எங்கே முடிகிறது, அடுத்த கூரை எங்கே தொடங்குகிறது என்று மேலே நடக்கும் பூனைக்குக்கூடத் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டு அங்கிள் ரெனவேஷன் செய்தார். கூரைக்குப் புதுச் சட்டகம், அதன்மேல் தடித்த கான்கிரீட் ஓடு. அவர் கூரை எங்களுடையதைவிட நாலு அங்குலம் உயர்ந்துவிட்டது. அந்த நாலு அங்குலப் படியை மூட, முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஒரே நீளமாக அலுமினியத் தகடு. ஃபிளாஷிங் என்பார்கள். ஒரு ஓரம் அவர் ஓட்டின் மேல், மறு ஓரம் எங்கள் ஓட்டின் மேல். இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது எது? டியூபிலிருந்து பிதுக்கிப் பூசும் பசை, சிலிக்கோன்.

அந்தத் தகடு யாருடையது? அங்கிளைக் கேட்டால், "மை சைட் நோ ப்ராப்ளம் லா, ஒன் டிராப் ஆல்சோ டோன்ட் ஹேவ்" என்கிறார். ஒழுகுவது என் பக்கம், ஆகவே ஒழுகல் என் சொத்து. கான்ட்ராக்டரைக் கேட்டால், தகடு அங்கிள் போட்டது, அதைத் தொட அங்கிள் அனுமதி வேண்டும் என்கிறார். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக் குளியலறை கீழே ஒழுகினால் மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் பொறுப்பு உண்டு, செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றாவது ஒரு வழக்கம் இருக்கிறது. எங்களுக்குச் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு, தீபாவளிக்கு முறுக்கு என்ற வழக்கம்தான் இருக்கிறது. ஆரஞ்சு வாங்கித் தின்ற வாயால் எப்படிச் சண்டை போடுவது?

நான் கூப்பிட்ட முதல் இரண்டு கான்ட்ராக்டர்களை விட்டுவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு டியூப் சிலிக்கோன், அவ்வளவுதான் அவர்கள் வரலாறு. மூன்றாமவர் வந்த சனிக்கிழமையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். கார் நிறுத்துமிடத்திலிருந்து தலையைத் தூக்கிக் கூரையை ஒரு பார்வை பார்த்தார். ஜோசியர் ஜாதகத்தைப் பார்ப்பதுபோல. "கேன், கேன்" என்றார். சரி செய்துவிடலாம் என்று அர்த்தமாம். நான் இன்னும் எங்கே ஒழுகுகிறது என்றே சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அவர் சொன்னது தண்ணீர் பிடிக்கிற கேன் என்று.

மேலே வந்து பாருங்கள் என்றேன். தேவையில்லையாம், இருபது வருட அனுபவமாம். அனுபவசாலி அடுத்துச் செய்தது தண்ணீர்ச் சோதனை. தோட்டத்துக் குழாயை எடுத்துக் கூரையைப் பார்த்துப் பீய்ச்சினார். பீய்ச்சினார், பீய்ச்சினார், தண்ணீர் பில் யாருடையது என்ற கவலை இல்லாமல் பீய்ச்சினார். என்னை உள்ளே போய்ச் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஓடினேன். சொட்டவில்லை. வெளியே வந்து இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் அடித்தார். மறுபடி ஓடினேன். இல்லை. நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன், எனக்கு முட்டிவலி வேறு. காற்று அடித்தால் மட்டும் ஏறுகிற தண்ணீர், கீழிருந்து குழாயில் அடித்தால் எப்படி வரும்? ஐந்தாவது தடவை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கூச்சல். ஆன்ட்டி மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த மெத்தை விரிப்பு, தலையணை உறை, அங்கிளின் நாலு பனியன், எல்லாம் தொப்பல். சோதனையில் ஐயமில்லாமல் நிரூபணமானது அது ஒன்றுதான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். குழாய் அவர் கையில். மன்னிப்பு என் வாயில்.

அப்புறம் தீர்ப்பு வந்தது: "நீட் டு ரீடூ சிலிக்கோன்." 850 வெள்ளி. ஐந்து வருட வாரண்டி.

மேலே ஏறியவர் அவர் இல்லை, அவரிடம் வேலை பார்க்கும் ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கமாம். அந்தப் பிள்ளை உச்சி வெயிலில் ஓட்டின் மேல் குந்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பூசினான். வீடு முழுக்கக் காடி வாடை, ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பதுபோல. பாஸ் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி இறங்கியதும் மைலோ கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, இது நிக்காதுக்கா."

என்ன தம்பி சொல்றீங்க என்றேன்.

"ஓடு பூரா பாசி, தூசி. பழைய சிலிக்கோன் உரிஞ்சு தொங்குது, அதுக்கு மேலயே புதுசு அடிக்கச் சொல்றாரு. பழசு மேல புதுசு ஒட்டாதுக்கா."

உங்கள் பாஸிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னானாம். "யூ ஒர்க், நோ டாக்" என்றாராம்.

"எங்க ஊர்ல ரெண்டு கூரை கூடுற எடத்தக் கூடல்வாய்ம்பாங்க. அங்க தகரத்த ஓட்டுக்கு அடியில குடுப்பாங்கக்கா. ரெண்டு ஓரத்தையும் மேல மடிச்சு விட்ருவாங்க. தண்ணி அதுல எறங்கித் தாழ்வாரத்துக்கு வந்துரும். ஓட்டுக்கு மேல வச்சு ஒட்டுற வேலையே கெடையாது."

கூடல்வாய்! ஒட்டுகிற இடத்துக்குத் தமிழில் இவ்வளவு அழகான பெயர் இருக்கிறது, எனக்கு ஆறு வருடமாகத் தெரிந்ததெல்லாம் ஒரு டியூப். மூன்று கான்ட்ராக்டர், இரண்டு கொட்டேஷன், ஒரு அங்கிள் யாருக்கும் தெரியாதது மாதச் சம்பளத்துக்கு வந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அவனை யாரும் கேட்கவில்லை. ஆனால் பூசியது அவன்தான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். கோபம் வந்தால் சிலர் சாப்பிடுவார்கள், நான் படிப்பேன். பிரிட்டனில் தெருத் தெருவாக இதே மாதிரி வரிசை வீடுகள். வேல்ஸ் மலையில் வெட்டிய ஸ்லேட் கல், விரல் தடிமன்கூட இல்லாதது. ஒருவர் ஸ்லேட்டைக் கழற்றிக் கான்கிரீட் ஓடு போடுவார், பக்கத்து வீட்டில் ஸ்லேட் அப்படியே இருக்கும், நடுவில் எங்கள் கூரையில் இருப்பதுபோல ஒரு உயரப் படி. அதற்கென்றே ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாய்க்கால், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு. இரண்டு வீட்டு ஓடும் அவரவர் பக்கத்து வாய்க்காலின் மேல் வந்து நிற்கும், அவரவர் தண்ணீர் அவரவர் வாய்க்காலில் இறங்கித் தாழ்வாரத்துக்குப் போகும். ஓட்டுக்கு அடியில்! புதுக்கோட்டைத் தம்பி சொன்ன அதே கதை.

சுவரோரம் ஈயத்தகடு வைத்தாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரே துண்டாக வைக்க மாட்டார்களாம். வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். விட்டுக்கொடுக்க இடம் இல்லாவிட்டால் கிழியும். எங்கள் தகடு ஒன்பது மீட்டர், ஒரே துண்டு, அலுமினியம். மத்தியான வெயிலில் கை வைத்தால் கொப்புளம். மூன்று மணிக்கு இடிமழை கொட்டினால் அதே தகடு முப்பது, முப்பத்தைந்து டிகிரி இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏழு மில்லிமீட்டர் சுருங்கும். இந்த ஊரில் இதற்குக் குளிர்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவிலேயே நடந்துவிடும். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. நீண்டு சுருங்கும் ஒன்பது மீட்டரை, பாசி பிடித்த ஓட்டோடு, பழைய பசை மேல் புதுப் பசையால் கான்ட்ராக்டர் பிடித்து நிறுத்துகிறாராம். ஐந்து வருடத்துக்கு!

இதைவிடக் கொடுமை ஒன்று. இந்த முறை தகட்டின் கீழ் ஓரத்தையும் சேர்த்துப் பூசச் சொல்லியிருக்கிறார். ஓட்டுக்கூரை படகு மாதிரி அடைபட்டிருப்பதில்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் கீழே வெளியேற வழி இருக்க வேண்டும். அந்த வழியையும் அடைத்தாயிற்று. உள்ளே போனது தேங்கி, வேறு பாதை தேடி, மாடிப்படிக்கு வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் கையெழுத்து யாருடையது என்று இப்போது தெரிகிறதா?

லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போகும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். பழைய கடைவீடுகளில் இரண்டு கடைக்கு நடுச்சுவர் ஓட்டைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தீ அடுத்த கடைக்குத் தாவாமல் இருப்பதற்கு. எனக்கு அது வேறொன்றாகவும் தெரிகிறது. உன் தண்ணீர் உனக்கு, என் தண்ணீர் எனக்கு, நடுவில் பேச்சே இல்லை. லிட்டில் இந்தியாவை 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்களே, அந்தச் சுவருக்காகவே செய்திருந்தாலும் தகும்.

சரி, வாரண்டிக்கு வருகிறேன். கட்டைவிரலைப் பார்த்த கையோடு அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். இரண்டாவது பக்கத்தின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில்: பக்கத்துச் சொத்தோடு சேரும் இணைப்புகளுக்கு இந்த வாரண்டி பொருந்தாது. ஐயா, நீங்கள் செய்த ஒரே வேலை அந்த இணைப்புதானே! கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்கிற கதையாக இருக்கிறது. சிறு கோரிக்கைகளுக்கான மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், போ என்கிறாள் மகள். போகலாம். ஒரு நாள் லீவு போட்டு, ஒரு கட்டைவிரலைச் சாட்சியாக வைத்து.

என் வீட்டுக்காரர் யோசனை அதைவிட எளிது: "பெரிய வாளியா வை."

எட்டரைக்குத் தூறலும் விட்டது. அங்கிள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தகட்டின் மேல்பாதி தெரியும். வீடியோ எடுத்து அவருக்கும் காட்டி, இரண்டு வீடும் சேர்ந்து தகட்டைக் கழற்றி வாய்க்கால் வைப்போம், செலவு பாதி பாதி என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அங்கிள் கதவைப் பாதி திறந்து, மாடி அலங்கோலமாக இருக்கிறது, நாளைக்கு வா என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னை வாசலில் நிறுத்தியதே இல்லை. அதற்குள் ஆன்ட்டி பின்னாலிருந்து, "கம் லா, கம் லா" என்று உள்ளே இழுத்துவிட்டார்.

மாடி ஏறினேன். படிக்கட்டு முடிகிற இடத்தில், நடுச்சுவரை ஒட்டி, தரையில் பழைய டவல் விரித்திருந்தது. டவலின் மேல் ஒரு டின். பெரிய சதுர பிஸ்கட் டின், பக்கத்தில் நசுங்கல், மூலையில் நான் ஒட்டிய மாஸ்கிங் டேப், அதில் என் கையெழுத்தில் "முறுக்கு". போன தீபாவளிக்குக் கொடுத்தது. எட்டு மாதமாக நான் வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கும் டின்.

டிங்.

டின்னில் விழுந்தால் டிங் என்று கேட்கிறது.

அங்கிள் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஒன்லி வென் ஹெவி ரெய்ன் லா" என்றார், குரலே வரவில்லை. ஆன்ட்டி சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன், அந்த வீட்டில் இன்னொரு ஒழுகல்.

புது ஆளைச் சேர்ந்தே தேடுவது என்று முடிவாகியிருக்கிறது. தம்பியின் நம்பர் வாங்காமல் விட்டது என் தப்பு. மழைக்காலம் முடியும்வரை டின்னை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

ஆனால் அதன் மூடி எங்கே? அதைக் கேட்டால் இரண்டு பேருமே தெரியாது என்கிறார்கள். மூடி இல்லாமல் அடுத்த தீபாவளிக்கு முறுக்கை நான் எதில் போட்டு வைப்பது?