விதையில்லாத் தர்பூசணி மரபணு மாற்றப்பட்டதா?

“விதையில்லாத் தர்பூசணி மரபணு மாற்றப்பட்ட பழம், உண்பவருக்கு மலட்டுத்தன்மை வரும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டு கூற்றுகளும் தவறு.

சாதாரணத் தர்பூசணியின் உயிரணுவில் 22 குரோமோசோம்கள் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), அதாவது 11 கொண்ட இரண்டு தொகுதிகள், உள்ளன. இளநாற்றின் குருத்தில் கோல்சிசினை (நம் செங்காந்தள் விதையிலும் இருக்கும் அதே நச்சுப்பொருள்தான்) இட்டால், குரோமோசோம்கள் இரட்டித்த பின்னும் உயிரணு பிரியாமல் நின்றுவிடுவதால், 44 குரோமோசோம்கள் கொண்ட செடி கிடைக்கிறது. அதன் பெண்பூவில் சாதாரணச் செடியின் மகரந்தத்தைச் சேர்த்தால் விளையும் விதையில், இரண்டிலிருந்தும் பாதி பாதியாக (22 + 11), 33 குரோமோசோம்கள் இருக்கும். அந்த விதையிலிருந்து வளரும் செடியில் மூன்று தொகுதிகளும் சரிவர இணைசேர இயலாததால் விதைகள் முற்றுவதில்லை; பழத்தை அறுக்கும்போது தென்படும் மெல்லிய வெள்ளைச் சக்கைகள், வளராமல் நின்ற அந்த விதைகளின் உறைகளே.

ஜப்பானிய மரபியலாளர் ஹிட்டோஷி கிஹாரா இம்முறையை 1951-இல் விளக்கி எழுதினார். அயல் மரபணுவை உயிரினத்துக்குள் புகுத்தும் தொழில்நுட்பமோ 1970-களில்தான் பிறந்தது.

மலட்டுத்தன்மை செடிக்கே உரியது, உண்பவருக்கு ஒட்டிக்கொள்வதன்று. நாம் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் பூவன் வாழையும் மூன்று தொகுதிகள் கொண்டதே.