170 எம்பி என்பது எழுதும் வேகம் அல்ல

“கேமராவுக்கான எஸ்டி மெமரி கார்டில் நொடிக்கு 170 எம்பி (மெகாபைட்) என்று போட்டிருந்தால் 4கே வீடியோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று சிலர் சொல்வது தவறு. அது படிக்கும் வேகம், அதாவது கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றும்போது கிடைப்பது. அதுவும் யுஎச்எஸ்-1 (கார்டு தரவைப் பரிமாறும் வேகத்துக்கான ஒரு தரம்) கார்டு என்றால் அந்தத் தரத்தின் உச்சமே நொடிக்கு 104 எம்பிதான். 170 வர அந்தக் கார்டுக்கேற்ற தனி கார்டு ரீடர் வேண்டும். கேமராவில் வராது.

வீடியோவுக்குப் பார்க்க வேண்டியது கார்டின் மேல் இருக்கும் வி30, வி60 குறிகள். வி30 என்றால் எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று உறுதி. கேமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் தேவை 12.5 எம்பிதான் (8 பிட் ஒரு பைட்), வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி. வி60 இல்லாவிட்டால் பதிவு பாதியில் நிற்கலாம்.

256 ஜிபி, 512 ஜிபி வாங்கினால் முதல் வேலையாக எஃப்3 மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலிக் கார்டு 512 என்று காட்டும், உள்ளே 32 இருக்கும். அது நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் எல்லாம் போச்சு.