நீயும் ஒரு அமுக்கு, நானும் ஒரு அமுக்கு

இடம்: காசிமேடு, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. நாள்: ஜூன் 13, இரவு 9 மணி. தனம் அக்கா, விசைப்படகுக்காரர்களுக்கு ஐஸும் டீசலும் கடனுக்குக் கொடுத்து, மீன் வந்ததும் வசூலிப்பவர். குமார் எதிர்வீட்டுப் பையன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவே நம்புகிறது. அவனும் நம்புகிறான்.

தனம்: என்னடா குமாரு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நிற்கிறது?

குமார்: கெர்னல் பேனிக் அக்கா.

தனம்: கர்னலா? எந்தப் பட்டாளம்?

குமார்: கர்னல் இல்லை, கெர்னல். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸுக்கு அதுதான் உயிர் மாதிரி. டிஸ்க்கில் தான் குடியிருக்கிற பகுதி, அந்தப் பார்ட்டிஷன், எதுவென்று தெரியாமல் பதறிப்போய் நின்றுவிட்டது.

தனம்: ராத்திரி குடித்துவிட்டு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாரே உங்கள் மாமா, அந்த மாதிரி.

குமார்: அவராவது தட்டுவார். இது தட்டக்கூட இல்லை.

தனம்: காலையில் நன்றாகத்தானே இருந்தது? நீதான் வந்து "ஒரு அமுக்கு, எல்லாம் புதுசாகிவிடும்" என்றாய்.

குமார்: இதில் இருக்கிற லினக்ஸுக்கு உபுண்டு என்று பெயர். அதை 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றினேன்.

தனம்: அது என்ன, பஸ் நம்பர் மாதிரி?

குமார்: 2024-ஆம் வருஷம் 4-ஆம் மாதம் வந்தது என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணிப் பெயரும் உண்டு. பழையது ஜெல்லிஃபிஷ்.

தனம்: சொறியா! வலையில் ஏறினாலே கையெல்லாம் அரிக்கும். அதையா இத்தனை நாள் என் வீட்டுக்குள் வைத்திருந்தாய்?

குமார்: அதனால்தான் மாற்றினேன். புதுசு நம்பாட். ஆஸ்திரேலியாவில் கரையானைத் தின்று வாழ்கிற பிராணி.

தனம்: பெயரிலேயே "நம்பாதே" என்று சொல்கிறானே, உனக்குக் காது கேட்கவில்லையா? நோட்டைக் கரையான் அரிக்கும் என்று சொல்லித்தானே கணக்கை இதில் ஏற்றச் சொன்னாய்? இப்போது கரையானையே தின்கிறது வந்து கணக்கையும் சேர்த்துத் தின்றுவிட்டதா?

குமார்: கணக்கு இருக்கிறது அக்கா, அது தனி இடம். பாதி ஏறும்போது கரண்ட் போனதுதான் வினை. ஆனால் யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்குமே? கரண்ட் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டதே?

(தனம் அக்கா திடீரென்று பூ கட்ட ஆரம்பிக்கிறார்.)

குமார்: அக்கா?

தனம்: அந்தப் பெட்டி பீ பீ என்று கத்தியதுடா. குழந்தை அப்போதுதான் கண்ணசந்தது. அதில் ஒரு பொத்தான் இருந்தது.

குமார்: அமுக்கினீர்களா?

தனம்: நீயும் ஒரு அமுக்கு, நானும் ஒரு அமுக்கு. பழியில் பாதிப் பாதி. சரி, நாளை ராத்திரியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. போட்டெல்லாம் கிளம்பும். பழைய பாக்கி தெரியாமல் எவனுக்கு ஐஸ் கொடுப்பேன்?

குமார்: லினக்ஸைப் புதிதாகப் போட்டுவிடலாம். சின்னவன் கேம் ஆடுகிற விண்டோஸ் பக்கம் உயிரோடுதான் இருக்கிறது. அதில் போய், உபுண்டு முழுக்க அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குகிறேன். 5 ஜிபிக்கு மேல் வரும். ஒரு பென்டிரைவ் கொடுங்கள், 8 ஜிபி போதும்.

தனம்: இந்தா. அம்மன் பாட்டு இருக்கிறது.

குமார்: அது அழிந்துவிடும்.

தனம்: ஆடி மாசம் பக்கத்தில் வருகிறதுடா, பாவி!

(அம்மன் பாட்டு விண்டோஸில் குடியேறியது. இறக்கம் முடிய நடுநிசி ஆனது. இடையில் குமார் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். அதை விவரிக்க வேண்டியதில்லை.)

குமார்: பென்டிரைவிலிருந்தே உபுண்டு ஓடுகிறது, பாருங்கள். முதல் வேலையாக உங்கள் கணக்கு ஃபைலை என் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

தனம்: இதை நேற்றே எடுத்திருந்தால்?

குமார்: நேற்று பயம் இல்லையே அக்கா. இப்போது இன்ஸ்டால். "டிஸ்க்கை முழுக்க அழி" என்று ஒன்று கேட்கிறது...

தனம்: கையை எடு!

குமார்: அதைத் தொடவில்லை. மேனுவலில் போகிறேன். இதோ பார்ட்டிஷன்.

தனம்: பாகப்பிரிவினை. அப்படிச் சொல், எனக்குப் புரியும்.

குமார்: 300 ஜிபி விண்டோஸ், சின்னவன் பங்கு. இந்த 40 ஜிபியில்தான் பாதி செத்த உபுண்டு. இதை மட்டும் ஃபார்மட் செய்து, அதாவது துடைத்துவிட்டு, புதிதாகப் போடுகிறேன். 120 ஜிபி ஹோம், உங்கள் கணக்கு இருக்கிற இடம். இதற்கு மவுண்ட் மட்டும், அதாவது இணைப்பு மட்டும். ஃபார்மட் கிடையாது.

தனம்: ஓரத்தில் அது என்ன பொடிசாக?

குமார்: வெறும் 100 எம்பி. இஎஃப்ஐ. குப்பையாக இருக்கும், கையோடு இதையும் ஃபார்மட் செய்து...

தனம்: இரு. அதில் யார் இருக்கிறார்கள்?

குமார்: யாரும் குடியில்லை. விண்டோஸும் லினக்ஸும் கிளம்புவதற்கான ஃபைல் மட்டும் அதில்...

தனம்: இரண்டு பேரும் அது வழியாகத்தான் வெளியே வரவேண்டுமா?

குமார்: ஆமாம்.

தனம்: அடேய், அதற்குப் பெயர் நடை! என் மாமனார் மூன்று கட்டு வீட்டை அழகாகப் பிரித்துவிட்டு, 100 சதுர அடி நடையை யாருக்கும் எழுதவில்லை. அதற்காக மட்டும் ஒன்பது வருஷம் சிட்டி சிவில் கோர்ட்டுக்கு நடந்தோம். நடையில் கை வைத்தால் சின்னவன் பங்கு என்ன ஆகும்?

(குமார் திரையைப் பார்க்கிறான். அக்காவைப் பார்க்கிறான். ஃபார்மட் டிக்கை எடுக்கிறான்.)

குமார்: விண்டோஸ் கிளம்பாது.

தனம்: வக்கீல் ஃபீஸை என் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தாயா? ம், போடு.

(இருபது நிமிஷம். ரீஸ்டார்ட். ஐஸ் பாக்கிப் பட்டியல் அப்படியே திறக்கிறது. தனம் அக்கா ஒவ்வொரு போட்டாகப் படித்து, உரியவர்களைத் திட்டி முடிக்கிறார்.)

தனம்: எல்லாம் சரி. நேராக லினக்ஸுக்கே போகிறதே, விண்டோஸா லினக்ஸா என்று முன்பு கேட்குமே?

குமார்: அந்தப் பட்டியல் போடுகிற கிரப், 2021-லிருந்து பக்கத்துச் சிஸ்டத்தைத் தானாகத் தேடுவதில்லை அக்கா. பாதுகாப்புக்காக, அந்தத் தேடலைச் செய்கிற ஓஎஸ் புரோபரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இந்த இன்ஸ்டாலிலும் விண்டோஸைச் சேர்க்கவில்லை போல.

தனம்: பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காத வாட்ச்மேன். காசிமேட்டில் பிழைக்க மாட்டான்.

குமார்: ஒரு வரி மாற்றினால் பார்ப்பான். அப்புறம் பட்டியலைப் புதுப்பிக்க அப்டேட் கிரப். ஆயிற்று. இதோ விண்டோஸ் வந்துவிட்டது. அம்மன் பாட்டும் இருக்கிறது. நான் கிளம்பட்டுமா? மணி ஒன்றரை.

தனம்: ஒன்றரையா? மூலையில் ராத்திரி 8 என்று போட்டிருக்கிறதே?

குமார்: லினக்ஸ் உள்ளே இருக்கிற கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. முன்பு சரி செய்து வைத்திருந்தேன், புது இன்ஸ்டாலில் போய்விட்டது. ஒரே ஒரு அமுக்கு...

தனம்: எதையும் அமுக்காதே. எட்டு மணிதானே? உட்கார். தடைக்காலத்து டீசல் பாக்கி இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. நான் படிக்கிறேன், நீ ஏற்று.