கற்குவையில் களவு போவது பொன் மட்டுமா?

பழனி மலையில் தாண்டிக்குடியிலும் பெருமாள்மலைப் பக்கத்திலும் உள்ள கல்திட்டைகளை, அதாவது பலகைக்கற்களை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச்சின்னங்களை, பார்த்துவிட்டு வருபவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, "உள்ளே ஒன்றுமே இல்லையே" என்பதுதான். கீழ்ப்பழனி மலையில் தோட்டம் வைத்திருக்கும் எங்களில் பலரும், ஒன்றும் இல்லாத கற்குவியலுக்கு எதற்குப் பாதுகாப்பு என்றே கேட்கிறார்கள்.

இதற்கான பதில் மலையடிவாரத்திலேயே கிடைத்திருக்கிறது. பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஓர் ஈமக்குழியில் நான்கு கால் சாடியொன்றும், அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும், 'வயர' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பிரிமணையும், அதாவது பானையைத் தாங்கும் வளையமும், கிடைத்தன. அந்த நெல்லைக் கொண்டு கணித்தபோது காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 490 என்று வந்தது. அதை வைத்து எழுத்தின் தொன்மையை எவ்வளவு பின்னே கொண்டு செல்லலாம் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த விவாதம் நடக்கிறது என்றால், அதற்குக் காரணம் நெல்லும் எழுத்தும் வைத்த இடத்திலேயே இருந்ததுதான். நீலகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் முதல் ஆணையர் பிரீக்ஸ் திறந்த கற்குவைகளிலிருந்து (ஈமக்குழியின் மேல் கல்லைக் குவித்த சின்னங்கள்) வந்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் எது எதனோடு இருந்தது என்ற விவரம் போதாததால் காலத்தைத்தான் பெரும்பாலும் வடிவத்தை ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பகுதிக் காபித் தோட்டம் ஒன்றில், கற்குவையின் பலகைக்கல்லை நெம்பிய கடப்பாரைத் தடத்தைப் பார்த்தேன். வெளியே வாரிப்போட்ட மண்ணில் காய்ந்த எலுமிச்சம்பழமும், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகளும் கலந்து கிடந்தன. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வரும் நிறம் அது. புதையல் தேடியவருக்குப் பொன் கிடைத்ததோ இல்லையோ, அந்த ஓடு எந்த ஆழத்தில், எதன் அருகில் இருந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. சில்வர் ஓக் நட வெட்டும் குழியும், தோட்டப் பாதையை அகலப்படுத்தும் ஜேசிபியும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் இதே வேலையைச் செய்துவிடுகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் தண்டனையை மட்டும் சொல்லும் நீலப் பலகை, அந்த 100 மீட்டர் எந்தக் காபிச் செடியோடு முடிகிறது என்பதைத் தோட்டக்காரருக்குச் சொல்வதில்லை. பட்டியலில் ஏறாத கற்குவைகளுக்கு அந்தப் பலகைகூடக் கிடையாது.

பழனி மலையின் கல்திட்டைகளை ஆங்லேட், நியூட்டன் என்ற இரு யேசு சபைப் பாதிரியார்கள் இடம் இடமாகப் பதிவு செய்து, அது 1928-இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு தொல்லியல் துறையும் வருவாய்த் துறையும் ஒவ்வோர் இடத்தையும் சர்வே எண்ணோடு சரிபார்த்து, எல்லைக்கல் நட்டு, அந்த விவரத்தைக் கிராம சபையில் படித்துக்காட்ட வேண்டும். அடுத்த நடவுக்கு முன் இதைத் தொடங்கினால், தோட்டம் வைத்திருக்கும் எங்களுக்கும் எங்கே குழி வெட்டக் கூடாது என்பது தெரிந்திருக்கும்.