வேலூருக்கு மாற்றலா? வீட்டை, வீட்டில் இருக்கப்போகிறவர் பார்க்கட்டும்

மே மாதம் வந்தால் போதும், "ராணிப்பேட்டைக்கு மாற்றல் வந்திருக்கு, வேலூர் பக்கம் எங்கே வீடு பார்க்கலாம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் மாற்றல் வாங்கியவர்தான். அடுத்த கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றேதான்: "கம்பெனிக்குப் பக்கம் எது?" வீடு தேடுவதை இந்தக் கேள்வியில் தொடங்குவதே தவறு என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாற்றல் ஆர்டரில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்புவதோ மூன்று நான்கு பேர். ஆர்டரில் பெயர் உள்ளவருக்குப் புது ஊரில் இறங்கிய மறுநாளே ஒரு மேஜை, பக்கத்தில் நாலு பேர், மத்தியானச் சாப்பாட்டுக்குத் துணை எல்லாம் கிடைத்துவிடும். காலையில் ஏழரைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார். அந்தத் தெருவில் பகல் முழுக்க இருக்கப்போவது மனைவியும் பிள்ளையும் பெரியவர்களும்தான். தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருப்பதும், பள்ளிக்கூட வாசலில் நிற்பதும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பதும் அவர்களே. அப்படியிருக்க, கம்பெனி வாசலில் இருந்து வீட்டுத் தூரத்தை அளப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்தோம். கணவருக்கு ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு என்றுதான் சொன்னார்கள். அங்கே குடியிருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவையும் நல்ல ஊர்கள்தான். எங்கள் வீட்டு நிலைமை வேறு. அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை, காலில் ஆறாத புண், மாதாமாதம் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. பையன் ஆறாம் வகுப்பு. நான் கணக்கு டீச்சர். வேலையை விட்டுவிட்டு வந்தவள், இங்கே திரும்பவும் பள்ளி வேலை தேட வேண்டியவள்.

ஒவ்வொருவரும் எங்கே போக வேண்டும், வாரத்தில் எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். கணவருடைய பயணம் ஒரே நேர்க்கோடு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவுதான். எங்கள் மூவருக்கும் மூன்று திசை. நேர்க்கோட்டில் போகிறவர் 20 கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம். வேலூரிலிருந்து ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு வழியாகப் போகும் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. கால் புண்ணோடு இருக்கிற பெரியவரை அத்தனை தூரம் பஸ்ஸில் உட்காரவைக்க முடியாது. அதனால் வேலூர் சத்துவாச்சாரியில் வீடு பார்த்தோம். கணவர் தினமும் போய்வருகிறார். "எனக்கு மட்டும் அலைச்சல்" என்று தொடக்கத்தில் சொல்லத்தான் செய்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதிதாக வருகிறவர்கள் வேலூரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாலாறு. ஆற்றுக்கு வடக்கே காட்பாடி, காந்தி நகர், விருதம்பட்டு, கழிஞ்சூர், வி.ஐ.டி. பல்கலைக்கழகம். தெற்கே கோட்டை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, தோட்டப்பாளையம், சத்துவாச்சாரி, தொரப்பாடி, பாகாயம். 2011-ல் இந்தச் சுற்றுப்பகுதிகள் பலவற்றையும் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் காகிதத்தில் எல்லாம் ஒரே வேலூர். தினப்படி வாழ்க்கைக்கு இவை இரண்டு ஊர். நடுவில் இருப்பது பாலம். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடுகிற ஒன்று, இரண்டாம் நம்பர் டவுன் பஸ்ஸில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறிப் பாருங்கள். கிரீன் சர்க்கிள் பக்கம் வண்டி நகராமல் நிற்கும்போது நான் சொல்வது புரியும். 2022-ல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது எத்தனை வீடுகளின் காலை நேரம் தலைகீழானது என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள்.

அதனால் என் கணக்கு இதுதான். முதலில் கரையை முடிவு செய்யுங்கள், பிறகு தெருவைத் தேடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் தினமும் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் நீங்கள் தவறான கரையில் இருக்கிறீர்கள். பிள்ளையின் பள்ளி வடக்கே, ஆஸ்பத்திரி தெற்கே, வீடு எங்கே என்று குழம்பினால் பள்ளி இருக்கும் கரைதான் சரி. ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு நாள், பள்ளிக்கு வாரம் ஐந்து நாள். டயாலிசிஸ் போல அடிக்கடி போகவேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பார்த்துவிடலாமே" என்று சிலர் நினைப்பார்கள். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்கள் குடும்பத்தோடு தங்குவதற்கான இடமாக இல்லை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பெங்காலியில் எழுதிய போர்டு இல்லாத ஓட்டலைத் தேட வேண்டியிருக்கிறது. அறைக்கு நாள் வாடகை வாங்கிப் பழகிய இடத்தில் மாத வாடகைக்குக் குடும்பத்தை வைக்க யாருக்கும் மனசு வராது, அதில் ஒன்றும் தப்பில்லை. நோயோடு வருகிறவர்களுக்குத்தான் அந்தத் தெருக்கள் தேவை. நாம் கொஞ்சம் தள்ளிப்போகலாம்.

காந்தி நகர் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய காலனி, நேரான தெருக்கள், மரங்கள், காலையில் நடக்கிற பெரியவர்கள். அடிக்கடி சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறுகிற வீடாக இருந்தால் காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் வி.ஐ.டி.யை நெருங்க நெருங்க, நாலைந்து மாணவர்கள் சேர்ந்து கொடுக்கிற வாடகையோடு ஒரு குடும்பம் போட்டி போட வேண்டியிருக்கிறது. பாகாயம், ஓட்டேரி பக்கம் அமைதியாக இருக்கும். மருத்துவக் கல்லூரி வளாகத்தின் பசுமை அந்த வட்டாரத்துக்கே ஒரு குளிர்ச்சி. கணவரின் வேலை ராணிப்பேட்டையில் என்றால் அங்கிருந்து ஊரைக் கடந்து வருவதற்கே பாதிப் பொழுது போய்விடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை என்றால் அதைவிடச் சரியான இடம் இல்லை.

சத்துவாச்சாரிக்கும் ஒரு குறை உண்டு. தேசிய நெடுஞ்சாலை அதை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ஹவுசிங் போர்டு பேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று விலாசத்தைக் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பள்ளி, காய்கறிக் கடை, பஸ் நிறுத்தம் மூன்றும் சாலையின் எந்தப் பக்கம் என்று நடந்து பாருங்கள். லாரிகள் பறக்கிற சாலையை ஒரு குழந்தை தினமும் கடக்க வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பாலாற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். குடிக்க மாநகராட்சி தருவது காவிரிக் கூட்டுக் குடிநீர். அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். மற்றதெல்லாம் போர் தண்ணீர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நாடறிந்த கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. நம் மாவட்டத்து மக்கள் தண்ணீருக்காக வாங்கிய தீர்ப்பு என்பதில் எனக்குப் பெருமை. அத்தனை தூரம் போராட வேண்டியிருந்த மண்ணில், தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வீடு பிடிக்கலாமா?

வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லை" என்பார். எல்லா வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். "இந்தத் தண்ணியில் துவரம்பருப்பு வேகுமாக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். உப்புத் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியாது. குளியலறைக் குழாயில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் எவ்வளவு பெரியது, எத்தனை வீட்டுக்குப் பொது, மே மாதத்தில் லாரி தண்ணீர் வாங்கினார்களா, அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கேன் தண்ணீருக்கும் லாரிக்கும் ஆகிற செலவைக் கூட்டினால், வாடகை குறைந்த வீடு குறைந்ததாகவே இருக்காது.

வறண்ட ஊர் என்று நினைத்துப் பள்ளத்தில் வீடு பிடித்துவிடவும் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய கன்சால்பேட்டை போன்ற இடங்களில் பெருமழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். மே மாதத்தில் வந்து வீடு பார்க்கிறவருக்கு இது எதுவுமே தெரியாது. "2021 மழைக்கு இந்தத் தெருவில் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று தெருமுனை டீக்கடையில் கேட்டால் இடுப்பில் கை வைத்துக் காட்டுவார்கள், இல்லை "இங்கே வரவே இல்லை" என்பார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும், சுற்றிலும் பாறை மலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷனைக் காலையில் பார்த்துவிட்டுப் பிடித்துவிடாதீர்கள். மாலை நாலு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். பகலெல்லாம் அந்த அறையில் படுத்திருக்கப் போவது வயதானவர் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வீடு தேடி அலைந்தபோது எங்களை "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேரடியாகவும் சுற்றி வளைத்தும் கேட்டார்கள். கறி சமைப்பீர்களா என்றும் கேட்டார்கள். கணவரோடு வேலை செய்யும் முஸ்லிம் நண்பருக்கு டூ லெட் போர்டு தொங்கும்போதே "வீடு போயிடுச்சு" என்ற பதில். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் புழங்குகிற ஊர் இது. கோட்டைக்குள்ளே கோயிலும் மசூதியும் சர்ச்சும் இருக்கிற ஊர். இங்கே ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டு வீட்டை மறுப்பது எனக்குத் தாங்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட வீடுகளை நாங்கள் அதோடு விட்டுவிட்டோம், அதில் ஒன்று நல்ல தண்ணீர் உள்ள வீடு. மாற்றலில் வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய முடியாது, அவசரம் இருக்கும். முடிந்தவர்களாவது செய்ய வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு தகவல். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பத்து மாதம் கேட்கிறவரிடம் பணிவாக இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். எழுதிக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

இப்போது மாற்றலில் வரும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள். நீங்கள் மட்டும் முன்னாலேயே வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு சுற்றி, வீட்டைப் பிடித்துவிட்டு போட்டோ அனுப்பாதீர்கள். ஒரு மாதம் மேன்ஷனிலோ நண்பர் அறையிலோ தங்குங்கள். மனைவியை வரச்சொல்லுங்கள், அம்மாவை வரச்சொல்லுங்கள், அவர்கள் தெருவில் நடந்து, நாலு பேரிடம் பேசி, வேண்டும் வேண்டாம் என்று சொல்லட்டும். வேலையை விட்டுவிட்டு உங்களோடு வருகிற பெண் என்றால், அவளுக்கு வேலை கிடைக்கக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறதா என்பதைக் கம்பெனி தூரத்துக்கு முன்னால் பாருங்கள். நான் சத்துவாச்சாரியில் இருந்ததால்தான் இரண்டு பஸ் மாறாமல் போகக்கூடிய பள்ளிகளில் விண்ணப்பம் போட முடிந்தது. அதில் ஒன்றில்தான் இப்போது பாடம் எடுக்கிறேன்.

வேலூரிலேயே இருப்பவர்கள் உங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, 2021 மழையில் என்ன ஆனது என்று பகுதியின் பெயரோடு எழுதுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.