கையை மறைத்த மருமகனும் புத்தரும்

போன ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல் டீக்கடையில் அக்கா மகன் என்னிடம் மாட்டிக்கொண்டான். சிகரெட் பிடித்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். புகை மட்டும் தோளுக்கு மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது. அம்பேத்கரைப் படித்துப் புத்தருக்கு வந்தவன் அவன், வாய் சும்மா இருக்குமா? "புத்தர் சிகரெட் குடிக்கக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல மாமா" என்றான்.

அவன் சொன்னது சரிதான். போர்ச்சுகீசியர் கப்பலில் புகையிலை நம் கரைக்கு வந்து நானூறு வருஷச் சொச்சம்தான் ஆகிறது. புத்தரோ அதற்கும் இரண்டாயிரம் வருஷம் முந்தியவர். புத்தர் வழி நடப்பவர்களுக்கான ஐந்து ஒழுக்கங்கள் பஞ்ச சீலம். அதில் ஐந்தாவது சுரா, மேரயம் என்று மதுவகைகளைச் சொல்லி, நிதானத்தை இழக்கவைக்கிற போதையைத் தள்ளச் சொல்கிறது. சிகரெட் குடித்துவிட்டுத் தள்ளாடியவனை யார் பார்த்திருக்கிறார்கள்? அதனால்தானோ என்னவோ, பர்மாவிலும் தாய்லாந்திலும் புகைத்த பிக்குகள், அதாவது புத்தத் துறவிகள் நிறைய. பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையையே தடை செய்தது. பிறகு எல்லை வழியாகக் கடத்தல் பெருகி, அதோடு கொரோனாவும் உள்ளே வரும் என்ற பயம் சேர்ந்ததும் 2021இல் கடையைத் திறந்துவிட்டது.

ஆனால் பையன் படிக்காத கதை ஒன்று பிக்குகளின் விதிநூலான விநயத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. பிலிந்தவச்சர் என்ற மூத்த பிக்குவுக்குத் தலைவலி. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், மூக்கில் மருந்து விட்டுப் பார்த்தார்கள், வலி நிற்கவில்லை. சரி, மருந்துப் புகையை இழுக்கலாம் என்று புத்தர் அனுமதித்தார். திரியைக் கொளுத்தி நேராக இழுத்ததில் பிக்குகளுக்குத் தொண்டை வெந்துபோனது. அதற்காக ஒரு குழாய் வந்தது. தூமநேத்தம் என்று பெயர். வந்ததுதான் தாமதம், சில பிக்குகள் பொன்னிலும் வெள்ளியிலும் குழாய் செய்துகொண்டார்கள். "சம்சாரிகள் மாதிரி சொகுசா?" என்று ஊர் பேசியது. எலும்பு, மூங்கில், மரம் என்று எளிய பொருளில் செய்துகொள்ளுங்கள் என்று விதி வந்தது. குழாய்க்குள் பூச்சி போகிறது என்று மூடி, ஒன்றோடொன்று உரசுகிறது என்று பை, பைக்குத் தோள்வார். தலைவலியில் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள். இன்றைக்கு லைட்டரைச் சேகரித்து வைத்திருக்கும் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள்வார்தான் ஞாபகம் வரும்.

நான் இந்தக் கதையைப் படிப்பது இப்படி: புகை கூடுமா கூடாதா என்று புத்தர் கணக்குப் பார்க்கவில்லை. எதற்காக இழுக்கிறாய் என்றுதான் பார்த்தார். சீவரம் என்கிற துறவியாடை, சோறு, இருப்பிடம், மருந்து நான்கையும் எதற்கு என்று யோசித்துப் பயன்படுத்த வேண்டும் என்பது பிக்குவுக்குப் பாடம். சோறு விளையாட்டுக்கும் இல்லை, அழகுக்கும் இல்லை, உடம்பு நிற்க.

நான் பத்தொன்பது வருஷம் சிகரெட் குடித்தவன். வருஷா வருஷம் மாலை போட்டு 48 நாள் தொடமாட்டேன். இறக்கிய அன்று சாயங்காலமே அரசரடிப் பெட்டிக்கடையில் நிற்பேன். மதுரையில் இப்படி நிற்கிறவன் நான் ஒருவன் மட்டுமில்லை. குனிந்தால் மாலை தெரியும், கை சட்டைப்பைக்குப் போனால் மணி உரசும். ஞாபகம் எனக்குள்ளே இல்லை, கழுத்தில் தொங்கியது. கழற்றினால் அதுவும் போய்விடும்.

ஒரு நாள் சும்மா ஒன்று செய்து பார்த்தேன். டீ கிடையாது, போன் கிடையாது, பேச்சுத்துணை கிடையாது. மொட்டைமாடியில் நின்று சிகரெட் மட்டும். மூன்றாவது இழுப்பில் நனைந்த அட்டையைக் கொளுத்திய வாசம். பத்தொன்பது வருஷத்தில் முதல்தடவையாக அதன் ருசியைப் பார்த்தேன் என்றே தோன்றியது. தினம் எட்டு குடித்ததில் ஐந்தை எப்போது பற்றவைத்தேன் என்றே தெரியாமல்தான் இருந்திருக்கிறேன். உடனே விட்டேன் என்று கதை விடமாட்டேன், முழுசாக நிற்க ஒன்றரை வருஷம் ஆனது. இடையில் இரண்டு தடவை வழுக்கினேன். நிகோட்டின் உடம்பைப் பிடிக்கிற சரக்கு, தனியாக முடியாதவர்கள் டாக்டரிடம் போக வெட்கப்பட வேண்டாம். பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று இலவச எண் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இந்தக் கவனிக்கிற முறையை முறைப்படி சோதித்து 2011இல் வெளியிட்டார்கள், வழக்கமான பயிற்சியைவிட நன்றாகவே வேலை செய்தது. எனக்கு அது பின்னால்தான் தெரியும்.

சிகரெட் போன இடத்தில் கொத்துப் புரோட்டா வந்து உட்கார்ந்தது தனிக்கதை. கோசல ராஜா பசேனதி வயிறுமுட்டத் தின்று மூச்சுவாங்க வந்தபோது, அளவறிந்து உண்பவனுக்கு வலி குறையும், மெதுவாக முதிர்வான் என்று புத்தர் ஒரு பாட்டுச் சொன்னார். ராஜா அதை ஒரு பையனுக்கு மனப்பாடம் பண்ணவைத்து, சாப்பிடும்போதெல்லாம் சொல்லச் சொல்லி, அதற்குத் தினமும் நூறு காசு கொடுத்தாராம். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மனைவி சம்பளமில்லாமல் பார்க்கிறாள்.

"அப்ப குடிக்கலாமா, கூடாதா மாமா?" என்றான் மருமகன்.

"டீயைக் கீழே வை, போனை உள்ளே போடு. கையை முன்னால கொண்டுவந்து மிச்சத்தைக் குடி" என்றேன்.

என் எதிரில் குடிக்க அவனுக்குக் கூச்சம். ஆனாலும் குடித்தான். அதற்குள் மூன்று தடவை கை போனுக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் துண்டை மிதித்து அணைத்துவிட்டு, "நல்லாத்தான் மாமா இருக்கு" என்றான்.

டீ இரண்டுக்கும் நான் காசு கொடுத்தேன். சிகரெட்டுக்கு அவனே கொடுத்துக்கொண்டான்.