446-ஆம் சட்டம் லயத்து வீட்டைச் சொந்தமாக்காது

'55 வயதுவரை பால் மரம் வெட்டியவருக்கு (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவருக்கு) 446-ஆம் சட்டப்படி லயத்து வீடு (தோட்டத்தில் தொழிலாளருக்குத் தரும் வரிசை வீடு) சொந்தமாகும்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு ஐயா. மலேசியாவில் 1990-இல் வந்த அந்தச் சட்டம் தொழிலாளர் வீடு, குடிநீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை முதலாளிக்கு வரையறுக்கிறது, வீட்டுரிமை தருவதில்லை. 2019 திருத்தம் அதைப் பிற துறைகளுக்கும் விரிவுபடுத்தியது, அவ்வளவே.

சுங்கை சிப்புட் பக்கம் என் அப்பா முப்பது ஆண்டுகள் வெட்டினார். ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்தோம். கொல்லையில் காய்த்துத் தொங்கிய முருங்கையை அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சொந்த வீடு தேடுபவர்கள், சம்பளச் சீட்டு இல்லையென்றால், எஸ்ஜேகேபி என்ற அரசு நிறுவனம் வங்கி வீட்டுக் கடனுக்குத் தரும் உத்தரவாதத் திட்டத்தை விசாரியுங்கள். அதுவும் கடன்தான், தானமில்லை. மாதத் தவணையை நாம்தான் கட்ட வேண்டும்.